மிஸ்ஸியின் சைக்கிளில் ஒரு சத்தம்

சைக்கிளில் சத்தம் வருகிறது என்று நான் வாயைத் திறந்த நாளிலிருந்து எல்லோரும் என்னைத்தான் பரிசோதித்தார்கள். நான் எப்படி உட்காருகிறேன், எப்படி மிதிக்கிறேன், பையில் என்ன பாரம் வைத்திருக்கிறேன், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்றெல்லாம் கேட்டார்கள். சைக்கிளைக் குனிந்து பார்த்தவர்கள் குறைவு. அதற்குக் காதைக் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை. இதை எழுத உட்காரும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. அமைதியாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் மருத்துவ மாது. மாத்தளையில் பிறந்து, மாத்தளையிலேயே படித்தவள். இரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டங்களில் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் வேலை. தோட்டத்தில் எனக்கு மிஸ்ஸி என்று பெயர். என் பகுதியில் ஒரு தோட்டம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கீழே இருப்பது பணியக்கணக்கு, மேலே இருப்பது மேக்கணக்கு. பஸ் பணியக்கணக்கு வரைக்கும்தான். அதற்கு மேல் கல் ரோடு. த்ரீவீலர்காரர்கள் அந்த ரோட்டின் பெயரைக் கேட்டாலே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி பற்றவைப்பார்கள். நடந்து ஏறி இறங்கினால் அன்றைய நாள் அதோடு சரி. மிச்ச வீடுகளை யார் பார்ப்பது? எனக்கு முன்னால் இந்தப் பகுதிக்கு வந்த மிஸ்ஸிமார் ஒவ்வொருவராக மேலே போவதை நிறுத்திக்கொண்டதற்கு அதுதான் காரணம். மேக்கணக்குப் பெண்கள் கீழே கிளினிக்குக்கு இறங்கி வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். நிறைமாத வயிற்றோடு அந்த ரோட்டில் இறங்குவது எப்படி, திரும்பி ஏறுவது எப்படி என்று சொல்லவில்லை.

பிறகு ஏதோ ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தில் எங்கள் காரியாலயத்துக்கு ஒரு மின்சார மலைச் சைக்கிள் வந்தது. தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த கவை, நடுவில் பெடல் பூட்டும் இடத்தில் மோட்டார். நாம் மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்து மிதிக்கும். நாம் நிறுத்தினால் அதுவும் நிறுத்தும். கனமென்றால் அப்படி ஒரு கனம். மோட்டார் இல்லாமல் அதை மேட்டில் ஏற்ற எந்த ஆம்பிளையாலும் முடியாது. யாரும் வேண்டாமென்று அது மூலையில் நின்றது. நான் கேட்டேன். சேலையோடா ஓட்டப் போறீங்க என்று சிரித்தார்கள். காற்சட்டை தைத்துக்கொண்டேன். முதல் கிழமையே மேக்கணக்குக்கு ஏறினேன்; லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் சைக்கிளின் சீட்டை அதன் கம்பியோடு உருவி எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போவேன். அதற்கு ஒரு கதை உண்டு. ஒருநாள் நான் உள்ளே ஒரு குழந்தைக்கு எடை பார்த்துக்கொண்டிருக்க, வாண்டுகள் சைக்கிளை வளைவு வரை ஓட்டிக்கொண்டு போய் வடிகானில் இறக்கிவிட்டார்கள். சீட்டுக்குக் கீழே ஒரு பிடி இருக்கிறது. அதைத் தளர்த்தினால் சீட் கையோடு வந்துவிடும். சீட் இல்லாத சைக்கிளில் எந்தப் பிள்ளையும் ஏறாது. வேலை முடிந்ததும் குழாய்க்குள் திரும்பச் செருகி இறுக்கிவிட்டு வருவேன்.

மேக்கணக்கில் கடைசி லயத்தில், கடைசிக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், ஒரு பெண் இருந்தாள். இரண்டு பிள்ளைகளை இழந்தவள். முதலாவது குறைமாதத்தில் போனது. இரண்டாவது, வயிற்றுக்குள்ளேயே. பிள்ளை அசையவில்லை என்று அவள் அப்போது சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் அது உன் நினைப்பு என்றார்கள், அடுத்த கிளினிக் நாளில் கீழே வா என்றார்கள். அடுத்த கிளினிக் நாள் வந்தபோது கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இப்போது மூன்றாவது. பிரஷர் கூடிக்கூடி வருகிறது, கிழமைக்குக் கிழமை கட்டாயம் பார்க்க வேண்டும் என்று மாத்தளை ஆஸ்பத்திரி டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் அந்தச் சைக்கிளில் ஏறியது முக்கால்வாசி அவளுக்காகத்தான்.

மழைக்காலம் முடிந்த கையோடு சத்தம் தொடங்கியது. முதலில் சைக்கிள் சில்லு கல்லில் இடறும்போது மட்டும் 'டிக்' என்று ஒன்று. பிறகு மேடு ஏறும்போது பாதத்துக்குக் கீழே 'கிர்ர்' என்று ஓர் அதிர்வு, பெடல் வழியாக முழங்கால் வரைக்கும் வந்தது. தார் ரோட்டில் ஒன்றுமே இல்லை. கல் ரோட்டில் திரும்பியதும் ஆரம்பித்துவிடும்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். அவர் சைக்கிளைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"எண்ணெ பத்தல. அவ்வளவுதான்."

குசினியிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து செயினுக்கு ஊற்றினார். தலைக்கு வைப்பதுபோல் தாராளமாகத்தான் ஊற்றினார். மறுநாள் காலையில் செயின் முழுக்க எறும்பு. அதற்கு மறுநாள் ரோட்டுப் புழுதி எல்லாம் அதில் ஒட்டிக் களியாகிவிட்டது. பழைய சத்தம் அப்படியே இருக்க, புதிதாக ஒரு கரகரப்பும் சேர்ந்துகொண்டது.

"சத்தம் போகலையே," என்றேன்.

"நீ கோபத்துல மிதிக்கிற. கொஞ்சம் மெதுவா மிதிச்சுப் பாரேன்."

அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் அன்று தானே தேநீர் ஊற்றிக் குடித்தார்.

பலாபத்வலையில் பெரிய ரோட்டோரமாக ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. அங்கே கொண்டுபோனேன். கடைக்கார நானா செயினை விரலால் தொட்டு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இது என்ன மிஸ், பொரிச்ச வாசம் வருது?"

செயின் போய்விட்டது, கழுவிப் பயனில்லை என்று புதுச் செயின் போட்டார். அதில் ஓர் இணைப்பு வளையத்தைக் காட்டி, இதைக் குறடால் நெருக்கினால் செயின் கழன்றுவரும், கழுவுவதென்றால் கழற்றிக் கழுவுங்கள், தயவுசெய்து தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்றார். பிறகு யாழ்ப்பாணம் போகிற அந்த வழவழப்பான ரோட்டில் கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அமைதியா ஓடுதே மிஸ்."

"கல் ரோட்டுல ஓட்டிப் பாருங்க நானா. தார் ரோட்டுல சத்தம் வராது."

"இங்க கல் ரோட்டுக்கு நான் எங்க போறது?"

அதுவும் சரிதான். மோட்டாரைத் திறந்து பார்க்கச் சொன்னேன். தலையாட்டினார். "அது எனக்கு ஏலாது மிஸ். தெரியாத சாமான்ல கைய வச்சிக் கெடுத்துட்டு, அப்புறம் நீங்க இங்க வந்து நின்னா நான் என்ன சொல்ல?" எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

தெரியாது என்ற சொல்லே தெரியாத ஒருவர் எங்கள் காரியாலயத்தில் இருந்தார். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், வாகனங்களுக்குப் பொறுப்பு. சைக்கிளும் அவர் பொறுப்பில்தான். சத்தத்தைப் பற்றி நான் சொல்லப்போக, அன்றைக்கென்று அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை. முன் வாசலிலிருந்து பின்னால் உள்ள ஸ்டோர் கொட்டகைக்குச் சரளைக்கல் போட்ட ஒரு மேடு ஏறுகிறது. சேர்ட் கையை மடித்துவிட்டு, மோட்டாரைப் போட்டுக்கொண்டு அதில் ஏறினார். 'கிர்ர்' என்று வந்தது. மோட்டாரை அணைத்தார். மேட்டில் ஏற முடியவில்லை, அசைந்தால்தானே. அதனால் கீழே சிமெந்துத் தரையில் ஒரு வட்டம் ஓட்டினார். சத்தம் இல்லை. இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களோ மிஸ்? மோட்டர் போட்டா சத்தம், நிப்பாட்டினா இல்லை. மோட்டருக்குள்ள பெயரிங் தேஞ்சு போயிட்டுது. இனி இதை ஓடக் கூடாது."

"மேக்கணக்குல இருந்து இறங்கும்போதும் கேக்குது சேர். இறங்கும்போது நான் மிதிக்கிறதே இல்ல. மோட்டார் அப்ப சும்மாதானே கிடக்கு?"

"அது உங்கட நினைப்பு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. சும்மா சொன்னார் அவர். அதன் கனம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மேக்கணக்குக் கடைசிக் காம்பராவில் ஒருத்திக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

அவர் அதோடு விடவில்லை. பெண்களுக்குக் கியர் மாற்றத் தெரியாது, மேட்டில் ஏறும்போது தப்பான கியரில் மிதித்து மோட்டாரை முடித்துவிட்டீர்கள் என்றார். திங்கட்கிழமை சைக்கிளை ஸ்டோரில் ஒப்படைக்கச் சொன்னார். கொழும்பிலிருந்து மோட்டார் தெரிந்த ஆள் வந்து பார்ப்பாராம். அந்த ஸ்டோர் கொட்டகைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சில்லு இல்லாத ஸ்கூட்டர்கள், கால் உடைந்த கட்டில்கள், குளிர் பிடிக்காத குளிர்சாதனப் பெட்டி. உள்ளே போன எதுவும் வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

"அப்ப மேக்கணக்குக்கு நான் எப்பிடிப் போறது சேர்? அங்க பிரஷர் உள்ள ஒருத்தி இருக்கா."

"பஸ்ஸில போங்கோ. இல்லாட்டி அந்தப் பிள்ளையைக் கீழ வரச் சொல்லுங்கோ."

கீழே வரச் சொல்லுங்கோ. எவ்வளவு லேசாக வருகிறது வாயில்! என் நாக்கில் வந்ததைச் சொல்லியிருந்தால் என் உத்தியோகம் போயிருக்கும். மேசைமேல் இருந்த கண்ணாடிப் பாரத்தை எடுத்து மறுபடி வைத்தேன், கொஞ்சம் சத்தமாக.

ஒப்படைப்பதற்கு முன் கடைசியாக மேக்கணக்குக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. வழி முழுக்க அந்த 'கிர்ர்' காலுக்கடியில் கூடவே வந்தது. சைக்கிளைத் திட்டினேன், அதைச் செய்தவனைத் திட்டினேன், ரோட்டைப் போடாதவர்களைத் திட்டினேன். திட்டுவதற்கு ஆட்கள் தீர்ந்த பிறகுதான் மூளை வேலை செய்யத் தொடங்கியது. மோட்டார் போட்டபோது அவர் சரளை மேட்டில் ஓட்டினார். அணைத்தபோது சிமெந்தில் ஓட்டினார். மாற்றியது மோட்டாரை மட்டுமா? ரோட்டையும் அல்லவா மாற்றினார்! எந்த மாற்றத்தால் சத்தம் நின்றது என்று எப்படிச் சொல்வது? இரண்டு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, தலைவலி போனது இந்த மாத்திரையால்தான் என்று அடித்துச் சொன்ன கதை. இதைப் பிடிக்க எனக்கு ஏன் இத்தனை நாள் ஆனது என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் வழக்கம்போல் உள்ளே போகவில்லை. அந்தப் பெண்ணின் புருஷன் வேலை முடிந்து வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

"குறடு இருக்கா?"

"இருக்கு மிஸ்ஸி. என்னாச்சு?"

நானா காட்டிய வளையத்தைக் குறடால் நெருக்கி, செயினை மொத்தமாகக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். மோட்டாரையும் அணைத்தேன். இப்போது அந்தச் சைக்கிளில் பெடலுக்கும் பின் சில்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கியர் சும்மா, மோட்டார் சும்மா, செயின் அவன் கையில். சும்மா உருளும் இரண்டு சில்லுகள் மட்டும்தான். அப்படியே ஏறி உட்கார்ந்து, கல் ரோட்டில் வளைவு வரைக்கும் இறங்கினேன்.

டிக். டிக்டிக். கிர்ர்.

வளைவில் நின்றுகொண்டு நான் கத்திய கத்தலில் மேலே லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. சந்தோஷமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. மோட்டார் இல்லை, செயின் இல்லை, கியர் இல்லை, என் நினைப்பும் இல்லை! அவன் ஓடிவந்து சைக்கிளைத் தள்ள உதவினான்.

அதற்குப் பிறகு செய்தது எனக்குத் தெரிந்த வேலை. பையிலிருந்து மரக்குழலை எடுத்தேன். வயிற்றில் வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கிற குழல் அது. பின் சில்லைத் தூக்கித் தூக்கித் தரையில் போடு என்று அவனுக்குச் சொன்னேன். அவன் போட, நான் குழலைச் சைக்கிளின் உடம்பில் இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டேன். ஹேண்டிலில் இல்லை. முன் குழாயில் தூரத்தில் கேட்டது. பின் சில்லின் அச்சிலும் தூரம்தான். சீட் கம்பி இறங்கும் நடுக்குழாயில் வைத்தேன், கிட்ட வந்தது. அதே குழாயின் அடிப்பக்கம், மோட்டாருக்குச் சற்று மேலே வைத்தேன். காதுக்குள்ளேயே அடித்தது. பிள்ளையின் முதுகு எந்தப் பக்கம் என்று தேடிப்போய்த் துடிப்பு சட்டென்று அகப்படும்போது எனக்கு மேல் சிலிர்க்கும். அன்றும் சிலிர்த்தது.

அந்தப் பெண் வாசலில் வந்து நின்றிருந்தாள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல இருந்தது. நான் நின்று கேட்கவில்லை.

சீட்டை உருவினேன். சைக்கிளைத் தலைகீழாக்கி, அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து உலுக்கினோம். முதலில் கொஞ்சம் துருத் தண்ணீர் வந்தது. பிறகு குழாய்க்குள் எதுவோ உருண்டு வந்து மண்ணில் விழுந்தது.

ஒரு காசு. கறுத்துப்போயிருந்தது. அதைச் சுற்றி, மழைத் தண்ணீரில் ஊறி இற்றுப்போன மஞ்சள் துணி. அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைக்கிற காசு. எங்கள் வீட்டிலும் சாமிப் படத்துக்குப் பின்னால் அப்படி ஒன்று இருக்கிறது. துணி நன்றாக இருந்த காலத்தில் காசு வாய்பொத்திக் கிடந்திருக்கிறது. மழை குழாய்க்குள் இறங்கித் துணியைத் தின்ற பிறகு, மோட்டாரின் தலையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கல்லுக்கும் தட்டத் தொடங்கியிருக்கிறது.

அப்போது வாசலிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் மிஸ்ஸி."

"என்ன நான்தான்?"

"நான்தான் போட்டேன். வாண்டுங்க சைக்கிள வடிகான்ல எறக்கினதுக்கு அடுத்த தடவ நீங்க வந்தப்ப. சீட்டக் கழட்டிக்கிட்டு உள்ள வந்தீங்க. வெளிய பாத்தேன், உண்டியல் மாதிரி ஓட்ட தெரிஞ்சிச்சு. முடிஞ்சு வச்சிருந்த காச அதுல போட்டுட்டேன்."

எனக்கு அடக்க முடியவில்லை. "உனக்கு அறிவிருக்கா? இந்தக் காசால நான் எத்தன பேர்கிட்ட ஏச்சு வாங்கினேன்னு தெரியுமா? மோட்டார் போயிடுச்சுன்னு திங்கக்கிழம இத ஸ்டோர்ல போடச் சொல்லிட்டாங்க! சாமிப் படத்துக்குப் பின்னால வைக்கிறதுக்கு உனக்கு எடம் இல்லையா? என்னன்னு வேண்டிக்கிட்ட?"

"நீங்க வர்றது நிக்கக் கூடாதுன்னு மிஸ்ஸி."

அவள் புருஷன் செயினை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். நான் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கொஞ்சம் கொடூரமாகத்தான் கேட்டேன்.

"வேண்டுறதுன்னா புள்ள நல்லாப் பொறக்கணும்னு வேண்ட வேண்டியதுதானே?"

"புள்ளய நான் பாத்துக்குவேன் மிஸ்ஸி. அசையலன்னா எனக்குத் தெரியும். யாராவது வந்து கேக்குறதுதான் என் கையில இல்ல. முன்னுக்கு வந்த மிஸ்ஸிங்க எல்லாரும் நல்லவங்கதான். நின்னுட்டாங்க."

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவளுக்குப் பிரஷர் பார்த்தேன். கூடியிருந்தது. கூட்டியது யார் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்து, அவளைப் படுக்கச் சொல்லி, நான் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி பார்த்தேன். இறங்கியிருந்தது. குழலைத் துடைத்து வயிற்றில் வைத்தேன். உள்ளே துடிப்பு நன்றாகக் கேட்டது.

கோபம் இறங்கவில்லை. அது இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். அவள்மேல் கத்திய வாயைக் கட்ட வேண்டும் போலிருந்தது. கத்த வேண்டிய ஆட்கள் கீழே மின்விசிறிக்கு அடியில் இருந்தார்கள். மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு மிஸ்ஸி மேடு ஏறி வருவதற்கு, ஒரு பெண் அம்மனிடம் காசு முடிந்து வேண்டுதல் வைக்க வேண்டுமா? மழை பெய்யச் சொல்லி வேண்டலாம், நோய் தீரச் சொல்லி வேண்டலாம். அரசாங்க உத்தியோகத்தர் தன் வேலைக்கு வரச் சொல்லி வேண்டுகிற நாட்டில் இருக்கிறேனே என்று நெஞ்சு எரிந்தது. சாமி கேட்டிருக்கும். காரியாலயம்தான் கேட்கவில்லை.

கிளம்பும்போது காசை அவளிடம் நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"எடுத்துட்டா வேண்டுதல் அத்துப்போயிடும் மிஸ்ஸி. இருக்கட்டுமே."

"சத்தம் போடுதே!"

"சத்தம் வராம வச்சாப் போதும்ல?"

பையிலிருந்து பஞ்சை எடுத்து, காசைச் சுற்றி, மேலே பிளாஸ்டர் ஒட்டி, நன்றாக இறுக்கிக் குழாய்க்குள் போட்டேன். செயினைப் பூட்டினேன். கீழே பஸ் நிற்கிற இடம்வரை ஒரு சத்தம் இல்லை. சில்லுக்கடியில் கல் நெரிகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

திங்கட்கிழமை சைக்கிளை அவர் மேசைக்கு முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினேன்.

"சேர், மோட்டாரைப் போட்டுக்கிட்டு உங்க மேட்டுல ஏறுங்க."

ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார். காதைச் சாய்த்துக் கேட்டார். அவர் காதைச் சாய்த்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சிலவேளை மோட்டர் தன்பாட்டில சரிவரும்," என்றார்.

"குழாய்க்குள்ள ஒரு காசு கிடந்திச்சு சேர். மோட்டாருக்கு ஒண்ணுமில்ல. எனக்கு கியரும் மாத்தத் தெரியும்."

"காசோ? ஆர் போட்டது? அரசாங்கச் சாமானுக்குள்ள காசு போடுறதெண்டால் விசாரிக்க வேணும்."

"விசாரிங்க. மேக்கணக்குக்கு ஏறி வந்து விசாரிங்க. நடந்து வாங்க," என்றேன். அவர் வரவில்லை. சைக்கிள் என்னிடமே இருந்தது.

பிள்ளை மாத்தளை ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண் பிள்ளை. பிரஷர் அளவு மீறி ஏறிய அன்றே அவளைக் கீழே அனுப்ப முடிந்தது, அன்று நான் அங்கே இருந்ததால். அழுத சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது என்று அவள் பெருமையாகச் சொன்னாள். குழாய்க் காசை எடுத்துக் கோயிலில் போடலாம்தானே என்று கேட்டேன். இன்னும் இருக்கட்டும் மிஸ்ஸி, தடுப்பூசி எல்லாம் இருக்கே என்றாள். நான் சிரித்தேன். அதை அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

இந்த வருஷம் எனக்கு ஒரு சத்திரசிகிச்சைக்காக லீவு போட வேண்டி வந்தது. எனக்குப் பதிலாகப் போக ஓர் இளம் மிஸ்ஸியை விட்டார்கள். கெட்டிக்காரி, ஆனால் உயரம் குறைவு. சைக்கிளை அவளிடம் கொடுக்கும்போது சீட்டைக் கீழே பதிக்கப் பார்த்தேன். பாதி தூரத்தில் நின்றுவிட்டது. அழுத்தினேன். இறங்கவில்லை. கம்பியை வெளியே உருவி, விரலை உள்ளே விட்டேன். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது.

இருவருமாகச் சைக்கிளைக் கவிழ்த்து உலுக்கினோம். மஞ்சள் முடிச்சுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒவ்வொன்றும் பஞ்சில் சுற்றி, மேலே பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கிளினிக்கில் நான் கொடுத்த பஞ்சு, நான் கொடுத்த பிளாஸ்டர். கடைசிக் காம்பராக்காரி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சத்தம் வந்தால் மிஸ்ஸியைப் பறித்துவிடுவார்கள் என்று லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. நான் உள்ளே உட்கார்ந்து பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே வரிசையாக வந்து, சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எத்தனை என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் எத்தனை பேருக்கு என்மேல் நம்பிக்கையில்லை என்று தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது. அவர்களைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. இதோ, நானும்தான் லீவில் போகிறேன்.

"இது என்னாக்கா?" என்றாள் இளையவள்.

சொன்னேன். அவள் ஒரு முடிச்சை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள்.

"எடுத்து ஒரு பையில போட்டுக் கோயில்ல குடுத்துடலாமாக்கா? இதெல்லாம் உள்ள இருந்தா சீட் எறங்காதே. எனக்குக் கால் எட்டாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அவள் காரணமில்லை. ஆனாலும் அவள்தான் எதிரில் நின்றாள். ஒவ்வொரு முடிச்சாக எடுத்துப் பஞ்சைச் சரிபார்த்து, குழாய்க்குள் திரும்பப் போட்டேன். சீட்டைச் செருகி, நின்ற இடத்திலேயே பிடியை இறுக்கினேன்.

"எட்டி மிதி," என்றேன்.